சந்தா கட்டுபவர்களும் தலைவர் நாற்காலியும்

(நமது சங்கத்தின் மகளிர் தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



க.விலக்கில் 2004-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று தேனியில் பெண் டாக்டரைப் பார்ப்பது சாதாரணம். டாக்டர்களுக்கும் நம்மைப் போலச் சங்கங்கள் உண்டு. இதயத்துக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, குழந்தை மருத்துவத்துக்கு ஒன்று. அவற்றில் பலவற்றில் பெண் தலைவர் இன்னும் அபூர்வம்தான்.

அதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். மாநாட்டில் யார் பேசுவது, எந்தச் சிகிச்சை முறையைப் பரிந்துரைப்பது என்பதில் இந்தச் சங்கங்களுக்குப் பெரிய பங்கு. மாரடைப்பின்போது பெண்களுக்கு நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல், குமட்டல், அசதியும் வரலாம். சிலருக்கு நெஞ்சுவலியே இருக்காது. ஆனால் இதய ஆராய்ச்சிகளில் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்களையே சேர்த்தார்கள். 'வெறும் வாயு' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கும் பெண்களை நமக்கே தெரியும்.

திறமைக்குப் பஞ்சமில்லை. இதய நிபுணர் எஸ்.பத்மாவதி 1962-இல் அகில இந்திய இதய அறக்கட்டளையை நிறுவினார். 1966-இல் டில்லியில் உலக இதயவியல் மாநாட்டை முன்னின்று நடத்தினார். சென்னையில் படித்த டி.எஸ்.கனகா 1968-இல் மூளை நரம்பு அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். பட்டம் பெற்றார். ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர் என்று போற்றப்படுபவர் அவர்.

பிறகு தடை எங்கே? பெரும்பாலும் கடிகாரத்தில். தேனி டாக்டர் மதுரையில் நடக்கும் கூட்டத்துக்குப் போக சுமார் 75 கிலோமீட்டர். கம்பத்தில் இருப்பவருக்கு இன்னும் 40. இரவு எட்டு மணிக்குக் கூட்டம், பிறகு விருந்து என்றால், வீட்டில் குழந்தை உள்ள பெண் எப்படிப் போவார்? போகாதவர் பெயரைத் தேர்தலில் யார் சொல்வார்கள்?

நான் வங்கியில் இருந்தபோதும் இதே கதைதான். தொழிற்சங்கக் கூட்டம் மாலை ஆறரைக்கு. உத்தமபாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண் ஊழியர்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். சந்தா பாக்கி மட்டும் அவர்கள் பெயரில் இருந்ததே இல்லை.

நம் குடியிருப்பிலும் பொங்கல் கோலத்துக்குப் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். தண்ணீர் லாரிக் கணக்கு பேசும் கூட்டம் இரவு எட்டரைக்கு, சமையல் நேரத்தில். அடுத்த பொதுக்குழுவை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வைப்போம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் இருக்கிறோம். தலைவர், பொருளாளர் பதவிகளுக்குச் சகோதரிகள் தயங்காமல் பெயர் கொடுங்கள்.