கிராமத்தாரும் மியூஸியமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கடன், விதை, எரு முதலியவற்றைப் பற்றியே பேசும் இச்சபையில் மியூஸியத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் அங்குள்ள பொருள்களிற் பல, நம்மைப் போன்ற குடியானவர்களின் வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கிடந்தவையே.

கிருஷ்ணகிரியில் அரசினர் மியூஸியம் 1993-ம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது. அங்குள்ள நடுகற்களின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். ஊர் மாடுகளைக் கவர்ந்து சென்றவர்களை எதிர்த்து மாண்ட வீரனுக்கு ஊரார் நட்டு வணங்கிய கற்கள் இவ்வகையின. பொதுச் சொத்தைக் காக்க ஒருவன் உயிர் கொடுத்தான். ஊரார் அவனை மறவாதிருந்தனர். நம் சங்கங்களுக்கும் இதுவே அஸ்திவாரமன்றோ?

நம் ஜில்லாவின் பழமை சாமானியமானதன்று. மயிலாடும்பாறையில் கி.மு. 2172-லேயே இரும்பு வழங்கியதென 2022-ல் வெளியான பரிசோதனை முடிவு கூறுகிறது. மல்லச்சந்திரத்துக் குன்றின்மேல் பலகைக் கற்களாலான கற்றிட்டைகள் இன்றும் நிற்கின்றன.

ஆனால், ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் பெருகி, நிலம் சமப்படுத்தப்படுகிறது, பாறைகள் உடைக்கப்படுகின்றன. துணி துவைக்கவோ, கடைக்காலுக்கோ ஒரு நடுகல்லைப் பெயர்த்துவிட்டால், பின்னர் அது கிடைத்தாலும், எவ்வூரில் எவ்விடத்தில் நின்றதென்பது தெரியாது. பாதிச் சரித்திரம் அழிந்தது போலவே.

புதையலைப் பற்றிய பயமும் வேண்டுவதில்லை. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். புதையலுக்கு உரிமையாளர் எவரும் இல்லையென முடிவாகி, நிலத்துக்குடையவருடன் வேறு உடன்பாடும் இல்லையாயின், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும், நிலத்துக்குடையவருக்கு எஞ்சியதும் சேரும். சர்க்கார் அதை எடுத்துக்கொள்வதாயின், மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கும் கூட்டித் தரல் வேண்டும். மறைத்தவரோ பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவார்.

ஆகையால் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஊரெல்லைக்குள் உள்ள நடுகற்களையும் கற்றிட்டைகளையும், அவை நிற்கும் நிலத்தின் சர்வே நம்பரோடு, சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உழும்போது பானையோ காசோ அகப்பட்டால், மேலும் தோண்டாமல், கிராம நிர்வாக அதிகாரியிடம் தெரிவியுங்கள். சந்தைக்குக் கிருஷ்ணகிரி செல்லும் நாளில் பிள்ளைகளையும் மியூஸியத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தம் ஊர்க் கல்லின் பெருமையைக் கண்ட பிள்ளை, அதை உடைக்க ஒருபோதும் சம்மதியாது.