நான்கு வில், ஒரு காந்தாரம்



சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா, ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்றெல்லாம் சொல்கிறோமே, அந்தச் சிறிய நரம்பிசைக் குழு நம் மண்ணில் எப்படி வேர்விட்டது, அதற்கென்று சொந்த முகம் உண்டா என்பதே இக்கருத்தரங்கின் பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், “சென்னையில் வைக்க வேண்டியதைத் திண்டுக்கல்லில் ஏன் வைக்கிறீர்கள்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்.

ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இளம் வயதில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்த ஊர் இது. இசை கற்றதும் இங்கேதான். பிறகு தஞ்சாவூரில் மருத்துவராகப் பெயரெடுத்து, 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். வித்வான்களை வரவழைத்து, கைப்பணத்தைச் செலவிட்டு மாநாடுகள் நடத்தினார். சுருதி 22 அல்ல, 24 என்று வாதாடினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. தமிழிசையின் பழமையை அப்படித் தோண்டிப் பார்த்தவர் மேற்கத்திய இசையையும் படித்தவர். நமக்கு முன்னோடி அவர்தான். 2022 நவம்பர் 11 அன்று, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் காந்திகிராமப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், இளையராஜாவுக்கும் மிருதங்க மேதை உமையாள்புரம் சிவராமனுக்கும் ஒரே மேடையில் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கினார்கள். சிம்பொனிக்காரரும் மிருதங்கக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த மேடை அது. இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஹைடன் (1732–1809) நான்கு நரம்புக் கருவிகளுக்கென்று ஓர் இசை வடிவத்தைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் 1786-இல் பாலுஸ்வாமி தீட்சிதர் பிறந்தார். சென்னையில் மணலி முதலியாரின் ஆதரவில் இருந்தபோது ஆங்கிலேயர் வாத்தியங்களைக் கேட்டு, பிடிலைக் கற்று, அதை நம் இசைக்கு வசப்படுத்தினார். அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார், அவைதாம் நோட்டுஸ்வரங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கருவியை எடுத்துக்கொண்டோம், அதன் கூட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மோவாயில் இடுக்கிய பிடிலைத் தரையில் இறக்கி, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, நான்கு தந்திகளையும் சட்ஜம், பஞ்சமம் என்று மாற்றிச் சுருதி கூட்டினோம். கமகத்துக்காகச் செய்த மாற்றம் அது. விரல் வழுக்கிப் போகக் கை தாராளமாக வேண்டும் அல்லவா?

அங்கேதான் முடிச்சு. மேற்கத்தியக் கார்டு ஒன்றை மேஜரா, மைனரா என்று தீர்மானிப்பது அதன் மூன்றாம் ஸ்வரம். நம் கணக்கில் அது காந்தாரம். தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும். முதல் வயலின் அப்படி அசைத்துக்கொண்டிருக்கும்போது வயோலா அதே காந்தாரத்தை அசையாமல் பிடித்தால் என்ன ஆகும்? காது கூசும். நான்கு பேரும் சேர்ந்து அசைத்தாலோ, நான்கு விதமாக அசையும். ஆள் எண்ணிக்கை கூடக் கூடக் கமகம் மழுங்கும் என்பது என் அனுபவம். 1952-இல் அகில இந்திய வானொலி தில்லியில் வாத்திய விருந்தாவைத் தொடங்கியது, ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்தினார்கள். பெரிய முயற்சிதான். ஆனாலும் இந்தச் சிக்கலுக்குச் சிறிய குழுதான் சரியான களம் என்றே நினைக்கிறேன்.

வி.எஸ். நரசிம்மன் 1993-இல் அமைத்த மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. தாள வாத்தியம் கிடையாது. தியாகராஜர் கிருதியை முதல் வயலின் கமகத்தோடு பாட, மற்ற மூன்றும் அதைத் தாங்கிப் பிடிக்கும். வி.ஆர். சேகரின் செல்லோவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், தம்பூரா நிற்கும் இடத்தில் அது நிற்கிறது. ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்கும் இந்தப் பக்குவத்தைத்தான் நம் நரம்பிசைக் குழுவின் தனி முகம் என்கிறேன். மூவரும் எதை வாசிக்காமல் விடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சிறுவயதில் அபிராமி அம்மன் கோயிலில் மேளம் வாசிக்கும்போது நாகஸ்வரக்காரரை நான் பார்க்க மாட்டேன். ஒத்து ஊதுபவரைத்தான் பார்ப்பேன். கன்னம் உப்பியது உப்பியபடி இருக்கும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, அறுந்துபோகாத ஒரே சட்ஜம். நாகஸ்வரம் எங்கே போய்ச் சுற்றினாலும் அந்தச் சட்ஜத்துக்குத்தான் திரும்பி வரும். ‘ஒத்து ஊதுகிறான்’ என்று இளக்காரமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது எனக்கு வருத்தம். குவார்ட்டெட்டில் செல்லோக்காரர் செய்வதும் அதன் தொடர்ச்சிதான்.

இந்தப் பக்குவம் கல்லூரியில் வந்ததன்று. கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் வந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா கையால் எழுதிய ஸ்கோரிலிருந்து ஒவ்வொரு வாத்தியக்காரரும் தம் பகுதியைப் படியெடுத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்து, உடனே வாசிக்க வேண்டும். அந்தப் பட்டறையில் தேர்ந்தவர்தான் நரசிம்மன். 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் அவர் வயலினைக் கேளுங்கள். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு அது.

ஆய்வாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுப் பதிவாகி முடிந்ததும் அந்தக் காகிதங்கள் என்ன ஆயின? ஒரு மூத்த வயலின் கலைஞர் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டைப் பார்த்தேன். பென்சில் எழுத்து, வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்ற குறிகள், ஓரத்தில் காப்பிக் கறை, சில இடங்களில் ஸ்டாஃப் கோடுகளுக்கு மேலே தமிழில் ஸ்வரம். பாதியைக் கரையான் தின்றிருந்தது. இரண்டு இசை மொழிகளையும் ஒரே தாளில் எழுதிய அந்தக் கைகளைப் பற்றி ஒரு நூல்கூட என் கண்ணில் படவில்லை. சேகரியுங்கள், நகலெடுங்கள், எழுதியவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

இன்று மாலை நான்கு மாணவர்கள் இங்கே வாசிக்கப் போகிறார்கள். மைக் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அரைமணி நேரம் மின்விசிறிகளையும் நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன். திண்டுக்கல் வெயிலில் வேர்க்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிடுங்கள். இப்போது முதல் அமர்வுக் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.