ஸ்வாட் பகுப்பாய்வு வெறும் சம்பிரதாயம் அன்று

நடுவர் அவர்களே, ஒரு நிறுவனத்தின் உள்ளே உள்ள பலத்தையும் பலவீனத்தையும், வெளியிலிருந்து வரும் வாய்ப்பையும் அச்சுறுத்தலையும் நான்கு கட்டங்களில் பிரித்து எழுதி, பின்னர் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முறையே ஸ்வாட் பகுப்பாய்வு. தொழில் திட்டத்துக்கு அது இன்றியமையாதது என்பதே இவ்வணியின் வாதம்.

1997இல் டெரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் ஆகிய இருவரும் பிரிட்டனில் ஸ்வாட்டைப் பயன்படுத்திய 20க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்து, ஸ்வாட் என்ற பெயரில் முன்னுரிமையற்ற நீண்ட பட்டியல்களே எஞ்சுகின்றன என்று எழுதியதை எதிரணியினர் சுட்டிக்காட்டக்கூடும். அக்குறை மெய்யே. ஆனால் அது கட்டங்களை அரைகுறையாக நிரப்பியவர்களின் குறையே தவிர முறையின் குறை அன்று. பலவீனத்தை அச்சுறுத்தலோடும் பலத்தை வாய்ப்போடும் இணைத்து முடிவெடுக்கும் வழியை ஹைன்ஸ் வைரிக் 1982இலேயே வகுத்துத் தந்துவிட்டார்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைப் பார்த்தால் இவ்வாறு இணைப்பதன் பயன் விளங்கும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதை எதிர்த்து விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையைச் சாயப்பட்டறைகள் எட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட ஆணையிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் விரிவாக்கத் திட்டம் தீட்டிய எந்தப் பட்டறைக்கும் அச்சுறுத்தல் கட்டத்தின் முதல் வரி அந்த உத்தரவாகவே இருந்திருக்க வேண்டும். முழுமையான சுத்திகரிப்பு வசதி இல்லை என்ற பலவீனத்தை அதன் எதிரே எழுதிவிட்டால், புதிய இயந்திரத்துக்கு முன்பே சுத்திகரிப்புக்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும் என்பது முதலாளிக்கும் கடன் தரும் வங்கிக்கும் ஒருசேரப் புலப்பட்டிருக்கும். பழக்கத்தால் வந்த துணிச்சல் இதைக் காட்டாது.

எழுதும் விதமே ஸ்வாட்டின் உயிர். ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு "தரம் நன்று" என்பது பலம் ஆகாது. சரக்கை வாங்கும் பையர் திருப்பி அனுப்பியது நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கே பலத்துக்குச் சான்று. "போட்டி அதிகம்" என்பதும் பயன்படாது. ஆர்டரில் பாதிக்கு மேல் ஒரே பையரிடமிருந்து வருகிறது என்று எழுதும்போதுதான் பலவீனம் கண்ணுக்குத் தெரியும். கட்டிங் மாஸ்டரும் மெர்ச்சண்டைசரும் கணக்காளரும் உடன் அமராமல் முதலாளி தனியே நிரப்பும் தாள், பெரும்பாலும் அவருடைய ஆசைகளின் பட்டியலாகவே முடியும். வங்கியில் முன்வைக்கும்போதும் பலவீனத்தையும் அதற்கான ஏற்பாட்டையும் முதலில் சொல்பவரே நம்பிக்கையைப் பெறுவார்.

ஆகவே, அரைகுறையாக எழுதியவர்களின் தவறுக்காக ஒரு நல்ல முறையைத் தள்ளிவிடாமல், ஸ்வாட் தேவையே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பளிக்க வேண்டும்.