நீதிபதிகளின் 16 விதிகளில் சாதி எங்கே?

(திருவரங்கத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராஜகோபுரத்துக்கு எதிரே நிற்கும் பெரியார் சிலையைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்தேன். 2006 டிசம்பரில், திறப்பு விழாவுக்கு முன்பே உடைக்கப்பட்டு, அதன் பிறகும் எழுந்து நின்ற சிலை அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு திருச்சிக் கதையும் நினைவுக்கு வரும். அதைச் சொல்வதற்கு முன் என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் திருச்சியில் வழக்குரைஞராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுடுகாட்டுப் பாதை வழக்கு. லால்குடிப் பக்கத்துச் சேரி மக்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தெரு வழியாகப் போகக்கூடாது, வயல் வரப்பில்தான் போக வேண்டும் என்ற பழைய கொடுமைதான். வழக்குப் போட்ட பெரியவரை விடியற்காலைப் பேருந்தில் மதுரைக் கிளைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். துவரங்குறிச்சி தாண்டியதும் கேட்டார்: "வக்கீல் சார், இன்னைக்கு ஜட்ஜு யாரு?" பெயரைச் சொன்னேன். "பேரு இருக்கட்டும் சார். அவரு எந்த ஆளுங்க?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நீதிபதிக்குச் சாதி கிடையாதுங்கய்யா" என்றேன். சட்டக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த பதில். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழக்கில் எங்களுக்குச் சாதகமாகவே உத்தரவு வந்தது. திரும்பும்போது பெரியவர் சொன்னார்: "நல்ல மனுசன். நம்ம ஆளாத்தான் இருப்பாரு." அந்த நீதிபதி அவர் நினைத்த ஆள் இல்லை. சட்டத்தைப் படித்து நேர்மையாகத் தீர்ப்புச் சொன்ன ஒருவர். ஆனால் தோற்றாலும் சாதிதான் காரணம், ஜெயித்தாலும் சாதிதான் காரணம் என்று ஒரு குடிமகன் நினைக்கிறார். அவரை அப்படி நினைக்க வைத்தது எது? இன்றைக்கு நான் பேச வந்தது அதைத்தான்.

இப்போது திருச்சிக் கதை. 1956-இல் இங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஆர்.எஸ். மலையப்பன். பிற்படுத்தப்பட்ட சமூகத்திலிருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர். ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அவரைப் பற்றி மிகக் கடுமையான வாசகங்களைத் தீர்ப்பில் எழுதியது. நவம்பரில் திருச்சியில் பொதுக்கூட்டம் போட்டுப் பெரியார் அந்தத் தீர்ப்பைக் கண்டித்தார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. 1957 ஏப்ரல் 23 அன்று உயர்நீதிமன்றத்தில் அவர் கொடுத்த வாக்குமூலம் 'நீதிகெட்டது யாரால்?' என்ற பெயரில் நூலாக இன்றும் கிடைக்கிறது. இளைய தோழர்கள் வாங்கிப் படியுங்கள். சாதிச் சமூகத்தில் நீதிபதியும் சாதிக்குள்ளிருந்துதான் வருகிறார், அதைப் பேசக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்பதே அதில் நான் கண்ட சாரம். என்னோடு பேருந்தில் வந்த பெரியவர் கேட்டதும் அதுதான்.

அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997 மே 7 அன்று, உச்சநீதிமன்றத்தின் எல்லா நீதிபதிகளும் கூடித் தங்களுக்கான ஒழுக்க விதிகளைத் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். மொத்தம் 16 விதிகள். நல்ல விதிகள்தான், குறை சொல்ல வரவில்லை. நீதி வழங்கினால் மட்டும் போதாது, வழங்கப்படுவது மக்கள் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று முதல் விதி தொடங்குகிறது. மகனோ மருமகளோ வழக்குரைஞராக இருந்தால் தன் முன்னால் வாதாட விடக்கூடாது. உறவினர், நண்பர் வழக்கை விசாரிக்கக்கூடாது. பரிசுப் பொருள் வாங்கக்கூடாது. வியாபாரம் செய்யக்கூடாது. அரசியல் பற்றியோ, நீதிமன்றத்தின் முன் இருக்கும் விஷயங்கள் பற்றியோ வெளியே கருத்துச் சொல்லக்கூடாது. தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் வழக்கு வந்தால் அதை வெளியே சொல்ல வேண்டும், யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் விசாரிக்கலாம்.

பதினாறையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். சாதி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

சங்கங்களைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. சட்டத் துறை சார்ந்த சங்கங்களைத் தவிர வேறு எந்தச் சங்கத்திலும் தேர்தலில் நின்று பதவிக்கு வரக்கூடாது என்கிறது. ஆனால் சாதிச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாமா, அதன் மாநாட்டு மேடையில் ஏறலாமா என்பதற்குப் பதில் இல்லை. ஒரு கம்பெனியில் பத்துப் பங்கு இருந்தால் சொல்ல வேண்டும். சாதிச் சங்கத்தில் ஆயுள் சந்தா கட்டியிருந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மடத்தின் சீடராக இருந்துகொண்டே கோயில் உரிமை வழக்கை விசாரித்தாலும் சொல்ல வேண்டியதில்லை.

இது கற்பனையான கவலை இல்லை தோழர்களே. 2019 ஜூலையில் கொச்சியில் தமிழ்ப் பார்ப்பனர்களின் உலக மாநாடு நடந்தது. அதில் பேசியவர் வி. சிதம்பரேஷ், அப்போது கேரள உயர்நீதிமன்றத்தின் பதவியிலிருக்கும் நீதிபதி. அரசமைப்புப் பதவியில் இருப்பதால் கருத்துச் சொல்வது முறையாகாது என்று சொல்லிக்கொண்டே, முற்பிறவிப் புண்ணியத்தால் இருபிறப்பாளர் ஆனவர்கள் என்று பார்ப்பனர்களைப் புகழ்ந்தார். இடஒதுக்கீடு சாதி அடிப்படையில் இருக்க வேண்டுமா, பொருளாதார அடிப்படையில் இருக்க வேண்டுமா என்று குரல் எழுப்பச் சொன்னார். அந்த நேரத்தில் பத்து விழுக்காடு பொருளாதார இடஒதுக்கீட்டுக்கு எதிரான வழக்குகள் உச்சநீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தன. அந்தப் பேச்சுக்காக அவர் பதவி பறிபோகவில்லை.

2024 டிசம்பர் 8 அன்று அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சேகர் குமார் யாதவ், விசுவ இந்து பரிசத் நடத்திய கூட்டத்தில் இசுலாமியர்களைப் பற்றிப் பேசியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 55 மாநிலங்களவை உறுப்பினர்கள் பதவி நீக்கத் தீர்மானத்துக்குக் கையெழுத்திட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகம் முழுவதும் நீதிபதிகளுக்கான ஒழுக்க நெறியாக ஏற்கப்பட்ட ஆவணத்துக்குப் பெயர் பெங்களூர் கோட்பாடுகள். 2001-இல் பெங்களூரில் வரைவு எழுதப்பட்டு, 2002-இல் திருத்தி முடிக்கப்பட்டது. நீதிபதி சொல்லிலோ நடத்தையிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லும் பகுதியில் இனம், நிறம், பால், மதம் ஆகியவற்றோடு சாதியும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய உலக விதியில் சாதி இருக்கிறது. சாதி பிறந்த நாட்டின் உச்சநீதிமன்ற விதியில் இல்லை.

சரி, விதி இருந்தால் மட்டும் நடந்துவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இப்போது இருக்கும் 16 விதிகளை மீறினால் என்ன தண்டனை? அந்தத் தீர்மானம் சட்டம் இல்லை. புகார் வந்தால் நீதிபதிகளே நீதிபதிகளை விசாரிக்கும் உள்விசாரணை முறை ஒன்று 1999 முதல் இருக்கிறது. அதைத் தாண்டினால் நாடாளுமன்றப் பதவி நீக்கம்தான். 1993 மே மாதம் நீதிபதி வி. ராமசாமி மீது வந்த தீர்மானம் என்ன ஆனது? விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபிக்கப்பட்டதாகச் சொன்னது. மக்களவையில் ஆதரவாக 196 வாக்கு, எதிர்த்து ஒன்றுகூட இல்லை. காங்கிரசு உள்ளிட்ட 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது. நீதிபதிகளுக்கான ஒழுக்க மசோதா ஒன்று 2012-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. அமெரிக்க உச்சநீதிமன்றமும் 2023 நவம்பரில்தான் தனக்கென ஒரு நெறியை எழுதிக்கொண்டது. அதையும் நடைமுறைப்படுத்த ஆள் கிடையாது.

விசாரணை ஆளுக்கு ஒரு மாதிரி நடப்பதையும் பார்த்தோம். 2019 ஏப்ரல் 20 அன்று தலைமை நீதிபதி ரஞ்சன் கோகாய், தன் மீது ஒரு பெண் ஊழியர் கொடுத்த பாலியல் புகார் பற்றிய அமர்வில் தானே போய் உட்கார்ந்தார். பிறகு மூன்று நீதிபதிகள் கொண்ட குழு புகாரில் சாரமில்லை என்றது. அறிக்கை வெளியே வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் மாநிலங்களவை நியமன உறுப்பினர். இங்கே நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் சாதிப் பாகுபாடு இருப்பதாக 2011-இல் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தில் புகார் சொன்னவர் நீதிபதி சி.எஸ். கர்ணன். 2017 மே 9 அன்று ஏழு நீதிபதிகள் அவருக்கு அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறை விதித்தார்கள். கர்ணன் செய்த எல்லாவற்றையும் நான் நியாயப்படுத்தவில்லை. பெண்களைப் பற்றி அவர் பின்னாளில் பேசியது அருவருப்பானது. ஆனால் பதவியில் இருந்த ஒரு நீதிபதியைச் சிறைக்கு அனுப்ப வேகம் இருந்தது. அவர் சொன்ன சாதிப் புகாரை விசாரிக்க அந்த வேகத்தில் பாதி இருந்ததா?

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இன்ன சாதியில் பிறந்தவர் இன்ன வழக்கை விசாரிக்கக்கூடாது என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் அது முதலில் நம் தலையில்தான் விழும். தலித் நீதிபதி வன்கொடுமை வழக்கை விசாரிக்கக்கூடாது, பிற்படுத்தப்பட்டவர் இடஒதுக்கீட்டு வழக்கை விசாரிக்கக்கூடாது என்று நாளைக்கே கிளம்புவார்கள். 2018 முதல் 2023 ஜூலை வரை உயர்நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 பேரில் 458 பேர் பொதுப்பிரிவு, தாழ்த்தப்பட்டோர் 18, பழங்குடியினர் 9, பிற்படுத்தப்பட்டோர் 72 என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. உச்சநீதிமன்றத்துக்கும் பெரும்பாலும் உயர்நீதிமன்றங்களிலிருந்துதான் போகிறார்கள். இருக்கும் பதினெட்டுப் பேரையும் ஒதுக்கி உட்கார வைக்கும் விதி நமக்கு வேண்டாம்.

பிறப்பு யாருடைய தேர்வும் இல்லை. சாதிச் சங்க மேடையில் ஏறுவது தேர்வு. சந்தா கட்டுவது தேர்வு. விதி கேட்க வேண்டியது இந்தத் தேர்வுகளைப் பற்றித்தான்.

இந்தத் திருவரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று கலைஞர் ஆட்சி அரசாணை போட்டபோது, வைணவப் பயிற்சிப் பள்ளி ஒன்று இங்கேதான் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் படித்து முடித்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றத்தில் 2015 டிசம்பர் 16 வரை கிடந்தது. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற 24 பேருக்கு ஒரே நாளில் பணி ஆணை கிடைத்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதிகள் மீது எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் தன் இளமையை அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்து செலவிட்ட ஒரு பையன், "இந்த வழக்கை விசாரிக்கும் யாருக்கும் எந்த மடத்தோடும் தொடர்பில்லையே?" என்று கேட்டால், அவனுக்கு உட்கார்ந்து படிக்க ஒரு காகிதம் இருந்திருக்க வேண்டாமா?

முடியாத காரியமும் இல்லை. 2019 ஜனவரியில் அயோத்தி வழக்கு அமர்விலிருந்து நீதிபதி யு.யு. லலித் விலகினார். பல ஆண்டுகளுக்கு முன் தொடர்புடைய ஒரு வழக்கில் கல்யாண் சிங்குக்காக வாதாடியிருந்தார் என்பதுதான் காரணம். நாகரிகமான செயல். அதே ஆண்டு அக்டோபரில், தான் முன்பு எழுதிய தீர்ப்பே கேள்விக்குள்ளான நிலமெடுப்பு வழக்கிலிருந்து விலக நீதிபதி அருண் மிஸ்ரா மறுத்தார். ஒருவர் விலகுவார், ஒருவர் மறுப்பார். முடிவு அவரவர் கையில்.

நான் கேட்பது மூன்று. ஒன்று, 17-ஆவது விதியாக, பதவியில் இருக்கும் நீதிபதி எந்தச் சாதிச் சங்கத்திலும் மதவாத அமைப்பிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது, மேடை ஏறக்கூடாது என்று எழுதுங்கள். இரண்டு, முன்பு இருந்த தொடர்புகளைச் சொத்துக் கணக்கைப் போல இணையத்தில் வெளியிடுங்கள். மூன்று, விலகச் சொல்லும் மனுவை அந்த நீதிபதியே முடிவு செய்யக் கூடாது. வேறு நீதிபதிகள் கேட்டு, எழுத்தில் காரணம் சொல்லட்டும்.

இதை அரசின் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. அரசின் கையில் போனால் அரசுக்குப் பிடிக்காத நீதிபதியை மிரட்டும் கோல் ஆகிவிடும். உச்சநீதிமன்றமே செய்யட்டும். 1997-இல் கூடித்தானே தீர்மானம் போட்டார்கள்? 2025 ஏப்ரல் 1 அன்று கூடித்தானே சொத்து விவரங்களை வெளியிட முடிவெடுத்தார்கள்? மே மாதமே 21 நீதிபதிகளின் கணக்கு இணையத்தில் வந்ததே. வங்கிக் கணக்கைக் காட்ட முடிந்தவர்களுக்குச் சங்கத் தொடர்பைக் காட்டுவது கடினமா?

இது நேர்மையான நீதிபதிகளுக்கும் பாதுகாப்பு. பாதை வழக்கில் நியாயமாகத் தீர்ப்புச் சொன்ன அந்த நீதிபதிக்குக் கிடைத்த பாராட்டு என்ன? "நம்ம ஆளாத்தான் இருப்பாரு." அவர் படித்த சட்டத்துக்கும் காட்டிய நேர்மைக்கும் அதில் இடமே இல்லை.

அந்தப் பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. போன ஆண்டு இறந்தார். ஊர்த் தெரு வழியாகத்தான் எடுத்துப் போனோம். நானும் பின்னால் நடந்தேன். பேருந்தில் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை யாராவது கேட்டால் அதையே சொல்ல மாட்டேன். "அவர் எந்த ஆளாக இருந்தாலும், என்னென்ன தொடர்பு வைத்திருக்கிறார் என்று இதில் எழுதியிருக்கிறது, பாருங்கள்" என்று ஒரு காகிதத்தை நீட்ட வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கும் வேலை உங்களைப் போன்ற இளைஞர்களுடையது. சட்டம் படிக்கும் தோழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்றிரவே அந்த 16 விதிகளை எடுத்துப் படியுங்கள்.