மகப்பேற்றில் மணமும் மருந்தும்

(திருப்பனந்தாளில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இவ்வூர்க்கும் நறும்புகைக்கும் உள்ள தொடர்பு நீங்கள் அறியாததன்று. திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார், நெல் வாங்குதற்கென்று மனைவியார் கழற்றித் தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கினவர். பின்னர் இத் தாடகையீச்சரத்துக்கு வந்து, சாய்ந்திருந்த சிவலிங்கத்தைத் தம் கழுத்திற் கயிறு பூட்டி நிமிர்த்தினவர். இறைவன் திருமுன் எழுந்த அத்தகைய நறும்புகையையே நம் பாட்டிமார் பிள்ளை பெற்ற அறையிலும் எழுப்பினர். இன்று யாம் பேச எடுத்துக்கொண்டது அவ்வறையைப் பற்றியதே.

தமிழ்நாட்டில் மருத்துவச்சி என்னும் பெயரோடு ஊர்தோறும் பிள்ளை எடுத்தவர் பெரும்பாலும் நம் குலப் பெண்டிர். நள்ளிரவில், 'தாயே, வா' என்று அழைத்துச் சென்றவர்களே, பொழுது புலர்ந்தபின் வாயிற்படிக்கு அப்பால் நிறுத்திக் கூலிநெல் அளந்தனர். தொப்புட்கொடி அறுத்த கை தீட்டுக் கையாயிற்றாம்! அது கிடக்க. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன என்று 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. அதனை யாம் இழப்பென்று கூறோம். எத்தனையோ உயிர் பிழைத்தன. ஆனால் அப் பெண்டிர் கைக்கொண்ட மருந்தும் எண்ணெயும் புகையும் இல்லங்களில் இன்னும் உள்ளன. அவற்றுள் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று அறிந்து சொல்லும் கடமை வேறெவரினும் நமக்கே உரியது அன்றோ?

மணத்தால் நோய் தணிக்கும் முறைக்கு மேனாட்டார் 'அரோமாதெரபி' என்று பெயரிட்டனர். காத்தபோசே என்னும் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் 1937இல் அப்பெயரால் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகர மருத்துவமனையொன்றில் 1990 முதல் எட்டாண்டுக் காலம், 8,058 தாய்மார்க்குப் பேற்று வலியின்போது லாவெண்டர் முதலிய மணத்தைலங்களை முகரவும் தடவவும் கொடுத்துப் பார்த்தனர். அச்சமும் பதற்றமும் தணிந்தன என்று தாய்மார் பலர் கூறினர். தீங்குற்றவர் மிகச் சிலரே. ஆயினும் வலியையே அது குறைத்தது என்று நிறுவுதற்குப் போதிய சான்று பின்வந்த ஆராய்ச்சிகளாலும் கிடைத்திலது. ஆதலின் மணம் மனத்துக்குத் துணை. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது. புட்டியில் அடைத்து மிகுவிலைக்கு விற்கும் வணிகர் வேறுவிதமாகக் கூறுவர்; அவர் வாணிபம் அது!

நம் மருத்துவச்சியர் செய்தவற்றுள் ஆராய்ச்சிக்கு நின்றவை வேறு. வலி கண்டவளைப் படுக்கவிடாமல் நடக்கச் செய்தனர். நிமிர்ந்து நடமாடுவதால் முதற்கட்ட வலியின் காலம் குறைகிறது. இடுப்பில் வெந்நீர் ஒற்றடம் இட்டு எண்ணெய் நீவினர். அது நோவை ஆற்றுகிறது. எல்லாவற்றினும் மேலாக, அவள் கையைப் பற்றிக்கொண்டு அருகில் அகலாதிருந்தனர். அருகிருக்கும் துணையால் பேறு எளிதாதலைப் பல நாட்டு ஆராய்ச்சிகளும் உறுதி செய்தன. தமிழக அரசினரும் 2004இல் அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத்துணை ஒருத்தியை உடனிருக்க விடும் ஏற்பாட்டைத் தொடங்கினர்.

அத்துணையின் அருமையை நம் முன்னோர் கோயிலிலேயே நாட்டி வைத்தனர். காவிரி வெள்ளத்தால் தாய் அக்கரையில் தங்க, இரத்தினாவதி என்னும் செட்டிப்பெண்ணுக்கு இறைவன் தாயாய் வந்து பேறு பார்த்த வரலாறு திருச்சிராப்பள்ளித் தாயுமானவர்க்கு உரியது. தஞ்சையை அடுத்த திருக்கருகாவூரில் கருக்காத்த நாயகியின் திருவடியில் வைத்துத் தரும் விளக்கெண்ணெயை வலி கண்டபோது வயிற்றின்மேல் தடவுவர். மேலே தடவுவதால் தீங்கில்லை. அன்பர்க்கு ஆறுதலும் உண்டு. அவ்வெண்ணெயை வலி எழுப்புதற்கென்று உள்ளுக்குக் கொடுப்பது வேறு. வாந்தியும் பேதியும் உண்டாகி வலியுற்றவள் மேலும் சோர்வாள். மருத்துவர் கூறாமல் அதனைச் செய்தல் ஆகாது.

இனி, பேற்றின்பின் உண்ணும் லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், சதகுப்பை ஆகியவற்றை இளவறுப்பாக வறுத்து இடித்துச் சலிப்பர். பனைவெல்லத்தைப் பாகாக்கி (பனையைத் தலமரமாக உடைய இவ்வூரில் பனைவெல்லத்தின் அருமையை யாம் கூறவேண்டா) பொடியைத் தூவிக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, கையில் ஒட்டாது உருளும் பதத்தில் இறக்குவர். காலையில் நெல்லிக்காயளவு. பசியும் செரிமானமும் தரும் சரக்குகள் இவை. சர்க்கரை நோயுள்ள தாய்க்கு மட்டும் வெல்லப்பாகு பகை. கேட்டே கொடுத்தல் வேண்டும். பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் பால்சுறாப் புட்டும் நல்லுணவே. இவற்றிற் குறை காண்பார் யார்?

குறை பத்தியத்தின் பெயரால் நிகழ்வதில் உள்ளது. வயிறு பெருக்கும் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீர் மறுக்கின்றனர். பால் சுரக்க வேண்டியவளுக்குத் தாகத்தைக் கொடுப்பது என்ன மருத்துவம்? முதலிற் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்து, சர்க்கரைநீரும் தேனும் நாவில் தடவுகின்றனர். சீம்பாலே குழந்தைக்கு முதல் மருந்து. ஒரு மணி நேரத்துக்குள் அதனை ஊட்டுதல் வேண்டும். குழந்தை சப்புதலால் தாயின் கருப்பையும் சுருங்கி உதிரம் குறைகிறது. சுட்ட வசம்பை உரைத்து ஊட்டுவதும் விடத்தக்கதே. வசம்பு எலிகளுக்குப் புற்றுநோய் விளைத்தது கண்டு அமெரிக்க அரசினர் 1968இலேயே அதனை உணவிற் சேர்க்கலாகாது என்று தடுத்தனர். கொப்பூழில் சாம்பலும் சாணமும் அப்பிய பழக்கத்தால் இசிவு கண்டு இறந்த மகவுகள் எண்ணிறந்தன. தடுப்பூசியாலும் தூய கருவிகளாலும் அக்கொடுமை ஒடுங்கிற்று என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. கொப்பூழ் உலர்ந்திருந்தாற் போதும்; ஒன்றும் இடவேண்டா.

சாம்பிராணிப் புகையும் அவ்வாறே. நீராடிய தாயின் கூந்தலுக்குச் சிறிதளவு காட்டுக. மணம் மனத்தை மலர்த்தும். கதவடைத்த அறையில் கரிநெருப்பை வைத்து, பிறந்து பத்து நாளான சிசுவைப் புகைக்குள் கிடத்தல் கொடிது. அச் சிற்றுயிரின் மூச்சுப்பை அதனைத் தாங்குமோ?

மருந்துப் பெட்டியை மூடிவைத்து ஓடவேண்டிய வேளைகளும் உள. பேற்றின்பின் துணி துணியாய் நனைய உதிரம் போதல், அரைமணியாகியும் நஞ்சு விழாமை, இசிவு, கண் மங்கும்படி தலைவலி, குளிரோடு காய்ச்சல்: இவற்றுக்குச் சுக்கும் ஆகாது, புகையும் ஆகாது. உதிரப்பெருக்கில் நாழிகைகளிலேயே உயிர் போய்விடும். கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஊசியே காக்கும். 108 ஊர்தி 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. கைப்பேசியை எடுக்க மாமியார் உத்தரவை எதிர்நோக்குதல் கூடாது.

நம் மூதாட்டியருள் கைதேர்ந்தவர் இவ் வேளைகளை முகம் பார்த்தே உணர்ந்து, 'இனி என்னால் ஆகாது, வண்டி கட்டுங்கள்' என்று கூறினர். மருந்தின் அளவை அறிந்தமைபோலவே மருந்தின் எல்லையையும் அறிந்திருந்தனர். அவ்வறிவை எழுதி வைத்தவர் இலர். நம் குலத்தில் பேறு பார்த்த மூதாட்டியர் சிலர் இன்னும் உளர். அவர்பால் இருந்து லேகியச் சரக்குகளின் நிறையையும் எண்ணெய் காய்ச்சும் பக்குவத்தையும், எவ்வெக் குறி கண்டு கைவிட்டனர் என்பதையும் அவர் வாய்மொழியாகவே கேட்டெழுதி, அவர் பேரன் பேத்தியர் நம் சங்கத்துக்கு விடுக்க வேண்டுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் எழுதினும் சரியே. பிழைகளை யாம் திருத்திக்கொள்வோம்.