வகுக்கும் எண்ணைக் கவனிப்போம்

கொரோனாவில் இறந்தவர்களை, சோதனையில் தொற்று உறுதியானவர்களால் வகுத்தால் இறப்பு விகிதம். 2020-ல எர்ணாவூர்ல நாங்க தினமும் அதைப் பார்த்துத்தான் பயந்தோம், தைரியமானோம்.

அந்த ஜூலையில் சென்னையில் 12,405 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தொற்று வந்துபோன தடயம் 21.5 சதவீதம் பேரிடம் இருந்தது. பக்கத்துத் தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2 சதவீதம். பலர் சோதனைக்கே போகாதவங்க. அவர்கள் கணக்கில் இல்லாததால் விகிதம் கூடித் தெரியும்.

அதே ஜூலை 22-ல், சென்னையில் விடுபட்ட 444 சாவுகளை அரசு கணக்கில் சேர்த்தது. சாவு விடுபட்டால் விகிதம் குறைந்து தெரியும்.

மீட்டரைச் சரிபார்க்காம ரீடிங்கை நம்பலாமா? தம்பிகளே, சதவீதம் சொன்னா, யாரைச் சோதிச்சாங்க, யாரை விட்டாங்கன்னு முதல்ல கேளுங்க.