தொழிற்சாலை போனபின் எஞ்சுவது என்ன?

(வடபகுதிக் கமக்காரரும், ஆசிரியர், வழக்கறிஞர், வைத்தியர் முதலானோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வடக்கிலே காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கப் போவதாக அரசாங்கம் 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தோரும் உளர், ஐயுற்றோரும் உளர். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பது ஒரு சாரார் வாதம். நிலம் போகும், நீர் போகும் என்பது மறுசாரார் வாதம். இரண்டுமே தள்ளத்தக்கன அல்ல. எனினும் இவ்விரண்டுக்கும் முன்னே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. அந்நிய முதலாளி தன் நாட்டை விட்டு இங்கே ஏன் வருகிறான்? வந்தவன் எப்போது புறப்படுவான்? புறப்படும்போது நம்மிடம் எதை விட்டுச் செல்வான்? இம்மூன்றுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். அதற்கு ஆடைக் கைத்தொழிலின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். நம் தீவின் ஏற்றுமதிகளுள் முதன்மை பெற்றது அதுவே.

கூலியைத் தேடிய ஆலைகள்

ஆலைகள் இடம்பெயர்வது புதுமையன்று. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில், மசச்சுசெட்ஸ் முதலான மாநிலங்களில் ஓங்கி நின்ற பருத்தி ஆலைகள், கடல் தாண்டுவதற்கு நெடுங்காலம் முன்னரே, கூலி குறைந்த தென் மாநிலங்களாகிய கரோலைனாப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. ஒரே கொடி, ஒரே நாணயம், ஒரே பாராளுமன்றம் இருந்தும் ஆலை பெயர்ந்தது. கூலி வேறுபாடு அத்துணை வலியது.

ஆடைத் தொழிலில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தைக்கும். நூல் நூற்பதையும் துணி நெய்வதையும் பெரும்பாலும் இயந்திரமே செய்துவிடும். வளைந்து நெளியும் துணியைப் பிடித்துத் தைப்பதற்கோ இன்றும் மனிதக் கை வேண்டும். ஓர் இயந்திரத்தின் முன் ஒரு பெண் இருந்தேயாக வேண்டும். ஆகவே தைக்கும் செலவிற் பெரும்பங்கு கூலியாகிறது. தையல் இயந்திரமோ பாரமற்றது. இன்று ஒரு மண்டபத்திற் கழற்றி நாளை வேறொரு நாட்டிற் பூட்டலாம். சீமெந்து ஆலையை அவ்வாறு தூக்கிச் செல்ல எவராலும் இயலாது.

இதனோடு கப்பற் கூலியும் குறைந்தது. சரக்குகளை இரும்புப் பெட்டகங்களில் அடைத்து ஏற்றும் கொள்கலன் முறை 1956இல் அமெரிக்காவிலே தொடங்கியது. துறைமுகத்தில் நாட்கணக்காக நின்ற கப்பல், பின்னர் மணிக்கணக்கிற் புறப்படலாயிற்று. செல்வ நாடுகளின் சட்டமும் துணை செய்தது. அமெரிக்காவில் வெட்டிய துணியை வெளிநாட்டில் தைத்து மீளக் கொண்டுவந்தால், வெளியே கூடிய பெறுமதிக்கு மாத்திரம் தீர்வை செலுத்தினாற் போதும் என்று அந்நாட்டு விதி இடம் கொடுத்தது. 1965இல் மெக்சிக்கோ தன் எல்லைப்புறக் கைத்தொழில் திட்டத்தைத் தொடங்கியதும், அமெரிக்க முதலாளிமார் எல்லைக்கு அப்பாற் சென்று ஆலை திறந்தனர்.

அணை கட்டினார்கள், வெள்ளம் திசை மாறியது

தத்தம் ஆலைகள் நலிவதைக் கண்ட செல்வ நாடுகள் வாளாவிருக்கவில்லை. மலிவான யப்பானியப் பருத்தித் துணி அமெரிக்கச் சந்தையை நிறைத்தபோது, யப்பான் 1957 முதல் தன் ஏற்றுமதியைத் 'தானே விரும்பி'க் குறைத்துக்கொள்ளுமாறு செய்யப்பட்டது. அந்த விருப்பம் எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. யப்பானின் இடத்தை ஹொங்கொங் பிடித்தது. ஆகவே 1961இல் ஒரு குறுங்கால ஏற்பாடும், 1962இல் பருத்திப் புடைவைகளுக்கான நெடுங்கால ஏற்பாடும் வந்தன. பருத்திக்குத் தடை என்றதும் உற்பத்தியாளர் செயற்கை நூலுக்கு மாறினர். அதையும் கம்பளியையும் சேர்த்துக் கட்டுவதற்கு 1974இல் பல்லிழை ஒப்பந்தம் பிறந்தது. எந்த நாடு, எவ்வகை ஆடையை, ஆண்டொன்றுக்கு எத்தனை அனுப்பலாம் என்று கோட்டா வகுக்கப்பட்டது.

கமக்காரர்களாகிய உங்களுக்கு இதன் விளைவை விளக்குவது எளிது. ஒரு வயலின் வரம்பை உயர்த்தினால், வெள்ளம் வரம்பில்லாத அடுத்த வயலுக்குப் பாயும். கோட்டா நிரம்பிய ஹொங்கொங் முதலாளியும், கொரிய முதலாளியும், கோட்டா நிரம்பாத நாடுகளைத் தேடிப் புறப்பட்டனர். மொறீசியசுக்கும், வங்காளதேசத்துக்கும், இலங்கைக்கும் ஆடை ஆலைகள் வந்த வழி இதுவே. அமெரிக்க, ஐரோப்பிய ஆலைகளைக் காப்பதற்கென்று எழுதிய சட்டம், அவ்வாலைகளைக் காக்கவில்லை; தையற் தொழிலை உலகெங்கும் பரப்பிவிட்டது.

தடை போட்டு ஆலையைத் தம் நாட்டுக்குள் இழுத்தவர்களும் உளர் என்பதை நாம் மறைக்கலாகாது. 1981இல் அமெரிக்காவின் நெருக்குதலால் யப்பான் தன் மோட்டார் வண்டி ஏற்றுமதியை ஆண்டுக்கு 16 இலட்சத்து 80 ஆயிரமாகக் கட்டுப்படுத்தியது. இத்தகைய தடை வரும் என்ற குறி தென்பட்ட நாளிலிருந்தே யப்பானிய நிறுவனங்கள் அமெரிக்க மண்ணில் ஆலை எழுப்ப முற்பட்டன. ஹொண்டா நிறுவனம் 1982இல் ஒகையோ மாநிலத்தில் கார் செய்யத் தொடங்கியது. இதனால் வண்டி வாங்கிய அமெரிக்கர் கூடிய விலை கொடுத்தனர். எனினும் ஆலை வந்தது. காரணம் யாது? அமெரிக்கச் சந்தையை இழக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. பெருஞ்சந்தை உடையவனே வாசலை அடைத்து விருந்தாளியை உள்ளே வரச் செய்ய வல்லவன். இரண்டேகாற் கோடிக்கும் குறைந்த மக்களையுடைய நம் தீவுக்கு அந்த வலிமை இல்லை.

நம் தீவின் கதை

1977இல் இலங்கை தன் பொருளாதாரக் கதவுகளைத் திறந்தது. 1978இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைந்தது. கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் எழுந்தது. வரி விடுமுறை, தீர்வையற்ற இறக்குமதி, மலிவான கூலி என்பன முதலாளிமாருக்குக் காட்டப்பட்ட வரவேற்புகள். துணி ஒரு நாட்டிலிருந்து வரும், நூல் மற்றொரு நாட்டிலிருந்து வரும், பொத்தான் இன்னொரு நாட்டிலிருந்து வரும். தைப்பது மாத்திரம் நம் கிராமத்துப் பெண்பிள்ளைகள் என்றாயிற்று.

அதே கொள்கையின் மறுபக்கத்தை யாழ்ப்பாணக் கமக்காரருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. 1970 முதல் 1977 வரை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை இருந்தது. அக்காலத்தில் நம் செம்பாட்டு நிலம் பொன் விளைத்தது. கதவு திறந்ததும் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து விலையை விழுத்தின. கட்டுநாயக்காவில் இயந்திரத்தை ஓட்டிய அதே பேனாத்தான் நம் தோட்டங்களின் வருவாயையும் குறைத்தது. வர்த்தகக் கொள்கை என்பது கொழும்பிலுள்ள கணக்கர்களின் வேலை என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. அது நம் கிணற்றடிக்கே வரும்.

1992இல் கிராமங்கள்தோறும் 200 ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டம் வந்தபோது, போரில் அகப்பட்டிருந்த வடபுலம் அதன் பயனைக் காணவில்லை. போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடை ஆலைகள் தோன்றின. அங்கே நம் பெண்கள் வேலை செய்கின்றனர். குடும்பத் தலைவனைப் போரில் இழந்த வீடுகள் பலவற்றில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தால். அதனை இகழ்ந்து பேச எவருக்கும் உரிமையில்லை. அதனாலேயே அவ்வேலை எவ்வளவு உறுதியானது என்று ஆராய்வது நம் கடன்.

உறுதியைப் பாருங்கள். கோட்டா முறை 2005 ஜனவரி முதல் நாளன்று ஒழிந்தது. கோட்டாவை நம்பி நின்ற சிறிய ஆலைகள் பல மூடுண்டன. தரத்தாலும் திறத்தாலும் பெயர் பெற்றவை நிலைத்தன. அதே 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் தீர்வைச் சலுகையைத் தந்தது. மனித உரிமை பற்றிய மூன்று சர்வதேச உடன்படிக்கைகளை இலங்கை செம்மையாக நிறைவேற்றவில்லை என்று கண்டு, 2010 ஆகஸ்டில் அதனை நிறுத்தியது; 2017 மேயில் மீளத் தந்தது. கொழும்பில் ஆளுவோர் நீதி வழங்கத் தவறியமைக்குத் தையல் இயந்திரத்தின் முன்னிருந்த ஏழைப் பெண்ணும் விலை கொடுத்தாள். நீதியும் பிழைப்பும் வெவ்வேறு என்று சொல்வோர் இந்த ஏழாண்டுக் கணக்கைப் படிக்கட்டும்.

அடுத்து, 2025ஆம் ஆண்டு ஏப்ரில் 2ஆம் நாள் அமெரிக்க சனாதிபதி டிரம்ப் இலங்கைப் பொருள்கள்மீது நூற்றுக்கு 44 வீத மேலதிகத் தீர்வையை அறிவித்தார். சில நாட்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு 10 வீதமாயிற்று. யூலையில் 30 என்றார்கள். அம்மாத முடிவில் 20 என்றார்கள். நான்கு திங்களுக்குள் நான்கு வீதங்கள்! அந்த 44 எவ்வாறு வந்தது? இலங்கையுடன் அமெரிக்காவுக்குள்ள வர்த்தகப் பற்றாக்குறையை, இலங்கையிலிருந்து அது வாங்கும் பொருளின் பெறுமதியால் வகுத்து, அதனைப் பாதியாக்கிக் கண்ட எண் அது. நம் நாடு செய்த குற்றம் எதனையும் நிறுத்துப் பார்த்த எண் அன்று. அதே ஆண்டு மே மாதத்தில், கட்டுநாயக்காவில் நீண்டகாலம் இயங்கிய வெளிநாட்டு ஆடை ஆலையொன்று, நடத்தும் செலவு கூடிவிட்டது என்று சொல்லி மூடப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர்.

சிட்டகொங் தரும் பாடம்

அப்படியானால் ஆலையே வேண்டாம் என்பதா? அவ்வாறு நாம் கூறவில்லை. வங்காளதேசத்தைப் பாருங்கள். கொரியாவின் டேவூ நிறுவனம் கோட்டாத் தடையைத் தாண்டுவதற்கு வழி தேடி, சிட்டகொங் நகரில் தேஷ் என்னும் உள்ளூர் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. 1979இல் 130 வங்காளத் தொழிலாளரும் அலுவலரும் கொரியாவின் பூசான் நகருக்குச் சென்று ஏறத்தாழ ஆறு மாதம் பயிற்சி பெற்றனர். அவர்கள் கற்றது தைப்பது மாத்திரமன்று. வெட்டுதல், தரம் பார்த்தல், ஆலை நடத்துதல், வெளிநாட்டாருடன் கணக்குப் பேசுதல் யாவும் கற்றனர். சில ஆண்டுகளில் அவர்களுட் பெரும்பாலோர் தேஷ் நிறுவனத்தை விட்டு வெளியேறி, தாமே ஆலை தொடங்கினர். அல்லது பிறர் தொடங்கியவற்றை நடத்தினர். அந்த 130 பேரின் கைத்திறன் ஒரு நாட்டின் பெருந்தொழிலாக வளர்ந்து, உலகின் முன்னணி ஆடை ஏற்றுமதியாளருள் ஒன்றாக வங்காளதேசத்தை நிறுத்தியது. கொரியர் கொண்டுவந்த கோட்டா ஒழிந்துவிட்டது. அவர்கள் கற்பித்த வித்தை ஒழியவில்லை.

அதே நாட்டில் 2013 ஏப்ரில் 24ஆம் நாள் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர் என்பதையும் மறவாதீர்கள். வித்தை வந்தது, தொழிலாளியைக் காக்கும் சட்டம் அதனுடன் வளரவில்லை. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாதவிடத்துச் செல்வத்தின் அடியிற் பிணங்கள் கிடக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, கல்வி. வடக்கில் அமையும் ஆலையில் நம் பிள்ளைகள் இயந்திரத்தின் முன் மாத்திரம் அமர்தல் போதாது. மேற்பார்வையாளர், பொறியியலாளர், வடிவமைப்பாளர், கணக்காளர் ஆகியோரும் இந்த மண்ணிலிருந்தே பயிற்றப்பட வேண்டும். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. பயிற்சி எத்தனை பேருக்கு, எந்தப் பதவிக்கு, எத்தனை ஆண்டுக்குள் என்று உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, மூலப்பொருள். ஐரோப்பியச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிறநாட்டிலிருந்து வாங்கிய துணியை இங்கே தைத்தால் மாத்திரம் போதாது. துணியும் பொதுவாக இங்கேயே நெய்யப்பட்டிருக்க வேண்டும். நாம் போதிய துணி செய்யாமையால் சலுகை கையிலிருந்தும் முழுப்பயன் பெறுவதில்லை. ஆகவே துணி ஆலை வேண்டும் என்பார்கள். வேண்டும், ஆயினும் சாயமிடும் ஆலை பெருந்தண்ணீரைக் குடித்து அழுக்கு நீரை வெளிவிடும். சுண்ணக்கல்லின் கீழுள்ள கிணற்று நீரையே நம்பி வாழ்பவர் நாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட துன்பத்தை மறந்தவரும் அல்லர். நீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு முடியுமுன் சாய ஆலைக்கு அடிக்கல் நாட்ட இடங்கொடுக்கலாகாது.

மூன்றாவது, நிலமும் உரிமையும். நிலத்தைக் காலவரையறையுடன் குத்தகைக்குக் கொடுக்கலாம். ஆலை மூடினால் நிலம் நம்மிடம் மீள வேண்டும். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை வலயத்தின் வேலிக்குள்ளும் செல்ல வேண்டும். மூடும் ஆலை தொழிலாளரின் நட்டஈட்டைக் கொடுத்த பின்னரே இயந்திரத்தைக் கழற்ற வேண்டும்.

நான்காவது, நம் மண்ணிற் கால் ஊன்றிய தொழில். 1950களிற் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நம் சுண்ணக்கல்லிலும், பரந்தன் இரசாயன ஆலை ஆனையிறவு உப்பிலும் நின்றன. அவற்றைக் கூலி தேடி எவரும் வேறு நாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. போரே அவற்றை அழித்தது. கல் தோண்டிய குழிகளும் எஞ்சின என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் மூலப்பொருள் உள்ள இடத்தை ஆலை எளிதில் விட்டுப் போகாது என்னும் உண்மை மாறவில்லை. நம் பனை, கடல், பழத்தோட்டம், வெங்காயம் ஆகியவற்றைப் பதப்படுத்தும் தொழில்களுக்கும் வலயத்தில் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அந்நிய ஆலை பெயர்ந்த அன்றும் அவை நிற்கும்.

நண்பர்களே! கூலி ஏறினால், தீர்வை மாறினால், எங்கோ ஒரு தலைநகரில் ஒரு கையொப்பம் விழுந்தால், ஆலை பெயரும். அதனைத் தடுக்கும் ஆற்றல் நமக்கில்லை. அது நிற்கும் காலத்தில் நம் பிள்ளைகளின் கையில் வித்தையும், நம் கிணற்றில் நல்ல நீரும், நம் பெயரில் நிலமும் நிலைக்கச் செய்யும் ஆற்றல் நமக்குண்டு. உடன்படிக்கை எழுதப்படும் முன்னரே அதைக் கேட்க வேண்டும். எழுதிய பின் கேட்பது விதைப்புக்காலம் கழிந்தபின் ஏர் பூட்டுவதை ஒக்கும். வழக்கறிஞர்கள் உடன்படிக்கைகளைப் படியுங்கள். பொறியியலாளர்கள் நீரை அளவிடுங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துங்கள். கமக்காரர்கள் உங்கள் சங்கங்களைக் கூட்டி, உங்கள் பிரதிநிதிகளிடம் இந்நான்கு கேள்விகளையும் எழுத்திற் கொடுத்து, எழுத்தில் விடை கேளுங்கள்.